அம்மாவின் முட்டியும் 8.6 ஹீமோகுளோபினும்

டொரன்டோவிலிருந்து நான்கு வார லீவில் திருச்சிக்கு வந்ததே அம்மாவின் முட்டி மாற்று ஆபரேஷனுக்காகத்தான். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

முதலில் போன ஆஸ்பத்திரியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு யூனிட் ஏத்திட்டு வெள்ளிக்கிழமை பண்ணிடலாம். ரத்தம் குடுக்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க." ஏன் குறைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. டிக்கெட் தேதியை நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன். அம்மாதான், "இன்னொரு டாக்டரையும் பார்த்துடுவோம்டா" என்றாள்.

இரண்டாவது இடத்தில் மயக்க மருந்து டாக்டர், அம்மாவின் மஞ்சப்பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பினார். பாதிக்கு மேல் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. மூன்று வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் அம்மாவே கேட்டு வாங்கிப் போட்டது. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9தான். 30க்குக் கீழே என்றாலே கையிருப்பு போதவில்லை என்று அர்த்தமாம். எண்டோஸ்கோப்பி பார்த்தால் இரைப்பையில் புண். முட்டி வலிக்குப் போட்ட மாத்திரையே ரத்தத்தைக் கசியவிட்டு முட்டி ஆபரேஷனைத் தடுத்திருக்கிறது!

வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை இரும்பு மருந்து ஏற்றினார்கள். 1000 மில்லிகிராம் ஏறக் கால் மணி நேரம்தான். பாட்டிலைப் பார்த்து அம்மா, "டிகாஷனை ஏத்துறாங்கடா" என்றாள். அதே நிறம்தான்.

ஆபரேஷன் ஆறு வாரம் தள்ளிப்போனது. சம்பளமில்லாமல் லீவை நீட்டினேன். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆபரேஷனுக்கு முன் ரத்தசோகையைக் கவனிக்கவே நர்ஸ்களை வைத்து 2002 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. அங்கேயே இருந்தும் இந்தச் சமாச்சாரம் எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று ஹீமோகுளோபின் 11.8. ரத்தப்போக்கைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் அமில ஊசி போட்டார்கள். மறுநாள் 9.4 என்றதும் எனக்குப் பகீரென்றது. "முட்டின்னா இவ்வளவு இறங்கும் சார். 8க்குக் கீழ போனாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் ஏத்துவோம்" என்றார் டாக்டர். கடைசிவரை ஏற்றவில்லை. இரும்பு மாத்திரையும் உடனே தரவில்லை. ஆபரேஷன் வீக்கம் இருக்கும்போது குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாதாம்.

அப்புறம் மாத்திரை எழுதியபோது, கூடவே காபி குடிக்கக் கூடாது என்றார்கள். அதற்கு மட்டும் அம்மா டாக்டரிடம் பேரம் பேசினாள். ஒரு மணி நேர இடைவெளி என்று படிந்தது.