ஸ்டீராய்டைக் குறைப்பது: மாதம் 1 மில்லிகிராமா, ஒன்றுவிட்ட நாளா?

பாலிமயால்ஜியா ருமாட்டிகாவுக்கு (பெரியவர்களுக்குத் தோளிலும் இடுப்பிலும் வலி, விறைப்பு தரும் அழற்சி நோய்) பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால், சில நாளிலேயே ஆச்சி கையைத் தூக்கிக் கொண்டை போட்டுவிடுவார்கள். பாடு எல்லாம் குறைக்கும்போதுதான். தினசரி அளவு 10 மில்லிகிராமுக்கு வந்தபின் இரண்டு வழி உண்டு: மாதத்துக்கு 1 மி.கி. வீதம் தினசரி அளவைக் குறைப்பது, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் குறைந்த அளவு எடுப்பது. 2015-இல் வந்த சர்வதேசப் பரிந்துரை இரண்டையும் ஏற்கிறது.

மாத்திரை
மாதம் 1 மி.கி.: 1 மி.கி. மாத்திரை வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் சின்னக் கடைகளில் சொல்லிவைக்க வேண்டியிருக்கலாம்.
ஒன்றுவிட்ட நாள் (இன்று 10, நாளை 7.5): 5 மி.கி. மாத்திரையே போதும். இன்று இரண்டு, நாளை ஒன்றரை.

நினைவு
மாதம் 1 மி.கி.: தினமும் ஒரே அளவு, குழப்பமில்லை.
ஒன்றுவிட்ட நாள்: தினசரி காலண்டர் தாளில் 10, 7½ என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு முதல் வழிதான் நல்லது. மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால் இரண்டாவதும் சரி.

வலி திரும்பினால் இரண்டிலும் ஒரே முறைதான்: டாக்டரிடம் கேட்டு, வலி வருவதற்கு முன் இருந்த அளவுக்கு ஏறி, அப்புறம் 4 முதல் 8 வாரத்தில், வலி திரும்பியபோது இருந்த அளவுக்கு மெல்ல இறங்குவது. குடம் தூக்கிய தோள்வலிக்கெல்லாம் ஏற்ற வேண்டாம். காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கிறதா பாருங்கள், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை எடுங்கள். நீங்களாக மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடைவலி, பார்வை மங்கல் வந்தால் அளவைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கண்ணுக்கே ஆபத்து.