புதுக் கார்டு வாங்கும் முன் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்

போனஸ் வந்த அன்றே புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, கையில ஐம்பதாயிரம் இருக்கு. கேமிங் பிசிய தேத்தணும். எது வாங்கலாம், எங்க வாங்கலாம், ரெண்டையும் நீங்களே சொல்லிடுங்க." போனிலேயே ஒரு பட்டியல் சொல்லியிருக்கலாம். கேபினட்டைத் திறக்காமல் சொல்லும் பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவன் வீட்டில் போய் நின்றேன்.

உள்ளே இருந்தவை: ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, எட்டு எட்டாக 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. அதுவரை சரி. எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) பக்கவாட்டு லேபிளில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் திக்கென்றது. மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்துக் கட்டத்தில் 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனை நம்பித்தான் ஓடுகின்றன. 3600 முழு மூச்சில் 88 வாட் வரை இழுக்கும், 1650 கார்டு 75 வாட். கூட்டினால் 163. இத்தனை நாள் தாக்குப்பிடித்தது அதனால்தான். நான் மனதில் வைத்திருந்த 160 வாட் கார்டைச் சொருகினால் கணக்கு 248 ஆகிவிடும். பெட்டி மேல் எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்வதில்லை.

பின்பக்க ஸ்க்ரூக்களில் துரு, யூஎஸ்பி போர்ட் ஓரத்தில் வெள்ளைப் பொடி. நம் ஊர்க் காற்று அப்படி. கடலூரிலும் புதுச்சேரியிலும் மின்னணுப் பொருளுக்கு உப்பும் ஈரமும் கூடவே வரும் எதிரிகள். ஆகவே இங்கே உட்கார்ந்து கார்டு தேர்வு செய்கிறவர்கள், அது நொடிக்கு எத்தனை பிரேம் (படம்) தரும் என்பதோடு, கெட்டுப்போனால் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிளாட்பார்மை மாற்றுவதா, வேண்டாமா?

இதை மட்டும் சீக்கிரம் முடித்துவிடலாம். ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும், காரணம் அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, மெமரி தயாரிக்கும் மைக்ரான் தன் குரூசியல் சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் கையில் இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 ஒரு சொத்து. அதைத் தூக்கி வைத்துவிட்டு டிடிஆர்5 வாங்கப் போனால் பட்ஜெட்டில் கார்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. இன்டெலின் 12400எஃப் டிடிஆர்4 போர்டிலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனாலும் போர்டு மாற்றும் செலவு இருக்கிறது. பி450 போர்டோ பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் ரைசன் 5000 வரிசையை ஏற்றுக்கொள்ளும். அதனால் பழைய போர்டிலேயே நின்று, பிராசசரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

ஒரு எச்சரிக்கை. அந்த வரிசையில் ரைசன் 5 5500-ம் 5600-ம் பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், விலை குறைந்ததைப் பார்த்து 5500-ஐ வாங்கிவிடுகிறார்கள். 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி), 5500-இல் அதில் பாதி. கேமுக்கு அந்தப் பாதி நன்றாகவே உறைக்கும். 5600எக்ஸ்-க்கும் 5600-க்கும் உள்ள வித்தியாசமோ மிகச் சிறியது, அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கார்டுகள்

மோதல் இங்கேதான். அவன் மனதில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060. நான் கொண்டுபோன பெயர் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. ஓரமாக இன்டெல் ஆர்க் பி580.

ஆர்டிஎக்ஸ் 5060 நல்ல கார்டு. 145 வாட்தான், புது ஜிடிடிஆர்7 மெமரி, ஏஐ மூலம் பிரேமைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியை ஏராளமான கேம்கள் ஆதரிக்கின்றன. புது போர்டுக்காரர் கேட்டால் யோசித்துப் பார்க்கச் சொல்வேன். இவன் போர்டில் வேறு சிக்கல். அந்தக் கார்டு எட்டு பிசிஐஇ லேன்களை (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே டேட்டா ஓடும் பாதைகள்) மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 5 போர்டில் எட்டு லேன் தாராளம். பி450 தருவது பிசிஐஇ 3. ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி என்று வைத்தால் மொத்தம் நொடிக்கு 8 ஜிபி. கார்டின் சொந்த மெமரிக்குள் கேம் அடங்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. கார்டில் இருக்கும் 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும்போது, மீதியை இந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். அப்போது சராசரி பிரேம் கணக்கு அழகாக இருக்கும், திரை மட்டும் திக்கித் திக்கி நகரும்.

"ஆயிரத்தெண்பது பி மானிட்டர்தானே அண்ணா, எட்டு ஜிபி போதாதா?" என்றான். அவன் தினமும் ஆடும் வேலரண்டுக்குப் போதும். சொல்லப்போனால் அந்த கேமுக்குப் புதுக் கார்டைவிட நல்ல பிராசசர்தான் அதிகம் உதவும். அவன் ஆசை ஆசையாகக் காத்திருப்பது சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேசிங்கோடு (ஒளி விழுவதை நிஜம்போலக் கணக்கிட்டு வரையும் முறை) ஆட. அங்கே 8 ஜிபி இன்றைக்கே இறுக்கம். கார்டை ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவனுக்கு அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

9060 எக்ஸ்டி 2025 ஜூனில் வந்தது. முழுதாக 16 லேன்கள். அதனால் பழைய பிசிஐஇ 3 போர்டிலும் 5060-க்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு அகலப் பாதை கிடைக்கும். 16 ஜிபி மெமரி இருப்பதால் அந்தப் பாதையே பெரும்பாலும் தேவைப்படாது. 16 ஜிபி கார்டு இழுப்பது 160 வாட். அமெரிக்காவில் அறிமுக விலை 349 டாலர், 5060-க்கு 299. அந்த ஐம்பது டாலர் வித்தியாசம் இங்கே வந்து சேரும்போது ஒரு எஸ்எம்பிஎஸ் விலை ஆகிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் என் ஓட்டு இதற்குத்தான். இதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள். பில் போடும் முன் பெட்டியில் 16 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பி580-க்கு 12 ஜிபி, அறிமுக விலை 249 டாலர். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அதுவும் எட்டு லேன் கார்டு, 190 வாட், ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாமல் சரியாக ஓடாது, பழைய பிராசசரோடு சேர்த்தால் வேகம் இறங்கிவிடும். 3600 வைத்திருப்பவர்கள் அதைத் தாண்டிப் போவதே நல்லது.

என்விடியாவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், ஏஐ வேலை என்று கேமுக்கு வெளியேயும் கார்டைப் பயன்படுத்துகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அந்த வேலைகளுக்கான என்விடியாவின் 'கூடா' (CUDA) மென்பொருள் தளம் இருக்கும் பக்கம் போவதுதான் அவர்களுக்கு வசதி.

எங்கே வாங்குவது

சில வருடங்களுக்கு முன் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கார்டுகளுக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம். ஒரு பெரிய தளத்தில், எந்த ஊர் விற்பனையாளர் என்றுகூடப் பார்க்காமல், விலை குறைவு என்று ஆர்டர் போட்டேன். பதினான்காம் மாதம் திரையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. சர்வீஸ் சென்டரில் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல சீரியல் நம்பரே இல்லையே சார், இது இந்தியாவுக்குள்ள எங்க வழியா வந்த பீஸும் இல்ல" என்றார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை. சென்னைக்கு மூன்று முறை போய் வந்ததுதான் மிச்சம். அந்தக் கார்டு இன்னும் என் பரண்மேல் கிடக்கிறது.

அதன் பிறகு எனக்கு ஒரே விதி: கெட்டுப்போகக்கூடியதைப் பக்கத்தில் வாங்கு, கெடாததை எங்கே மலிவோ அங்கே வாங்கு.

பிராசசர் கெடுவது மிக அரிது. ஏஎம்டியின் சீல் வைத்த பெட்டிக்கு நிறுவனமே மூன்று வருட வாரண்டி தருகிறது. பெட்டி இல்லாமல் விற்கும் டிரே பிராசசருக்கு அது கிடையாது, விற்றவர் சொல்வதுதான் வாரண்டி. ஆகவே பெட்டியோடு வரும் 5600-ஐ கொல்கத்தாவின் எம்டி கம்ப்யூட்டர்ஸ், வேதாந்த், மும்பை லாமிங்டன் ரோட்டின் பிரைம்ஏபிஜிபி என்று எங்கே விலை இறங்குகிறதோ அங்கே தயங்காமல் போடலாம். இந்தத் தனிக் கடைகளிடம் எனக்குப் பிடித்தது, மாடல் நம்பரைத் தெளிவாகப் போடுவது. எஸ்எஸ்டியும் ரேமும் அப்படித்தான், கெட்டாலும் சின்னக் கவரில் கூரியர் செய்துவிடலாம்.

அமேசான், பிளிப்கார்ட்டின் பலம், வந்த சில நாட்களுக்குள் பழுது தெரிந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ள முடிவது. சேல் நாட்களில் பேங்க் கார்டு தள்ளுபடியும் சேரும். பலவீனம், ஒரே பக்கத்தில் பத்து விற்பனையாளர்கள் இருப்பது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் விவரத்தைத் தளம் காட்டியே ஆக வேண்டும். அதைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. எந்தத் தளமானாலும் பெட்டியைப் பிரிப்பதை, சீல் தெரியும்படி, வெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் நான் சென்னையைத் தாண்ட மாட்டேன். தி ஐடி டிப்போ சென்னைக் கடை, ஆன்லைனிலும் விற்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நேரில் போனால் நாலு கடை ஏறி இறங்கி விலை பேசலாம், கடையிலேயே சொருகி ஓட்டிக் காட்டச் சொல்லலாம். புதுச்சேரியிலிருந்து காலை பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் கார்டோடு திரும்பிவிடலாம். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்காமல் படி இறங்கக் கூடாது.

எஸ்எம்பிஎஸ்? உள்ளூர்தான், சந்தேகமே வேண்டாம். நம் ஊரில் முதலில் அடிவாங்கும் பொருள் அது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது கரண்ட் பட்ட பாடு சித்தி வீட்டுக்குத் தெரியும். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின் சிக்கனச் சான்று), 12 வோல்ட் லைனில் 40 ஆம்பியருக்குக் குறையாமல் என்று கேட்டு வாங்கினால் ஆன்லைனைவிடச் சில நூறு ரூபாய் அதிகம் ஆகலாம். நாளைக்கே போய்விட்டால் வண்டியில் பத்து நிமிடத்தில் கொண்டுபோய் மேசையில் வைக்க முடியும். அந்தச் சில நூறை நான் மனதாரக் கொடுப்பேன்.

"பாண்டியில வாங்கினா வரி கம்மி" என்று கடலூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது 2017 ஜூலைக்கு முந்திய கதை. ஜிஎஸ்டி வந்தபின் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு இரண்டு பக்கமும் அதே 18 சதவீதம்தான்.

வெளியூர்க் கடை ஏமாற்றினால் அந்த ஊருக்குப் போய் வழக்குப் போட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன். இது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் பரண்மேல் ஒரு கார்டு குறைந்திருக்கும்.

தம்பியின் பணம் இப்படிப் பிரிந்தது: அன்று மாலையே புதுச்சேரியில் எஸ்எம்பிஎஸ், அடுத்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 16 ஜிபி 9060 எக்ஸ்டி. 5600 அடுத்த மாதச் சம்பளத்தில் கொல்கத்தாவிலிருந்து வரும். புது பிராசசரைச் சொருகுவதற்கு முன்பே, பழைய 3600 உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடித்துவிட வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டு கைவிட்டுப் போகும் என்பதால், யூபிஎஸ்ஸில் இணைத்த பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவன் மானிட்டரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.