லேபிள் இல்லாத ‘ரெப்டைல் க்ளீனர்’ வாங்காதீர்கள், என் கெக்கோ பட்டது போதும்

பல்லி, பாம்பு, ஆமை என்று எந்த ரெப்டைல் (ஊர்வன) வளர்த்தாலும் சரி, கூண்டு கழுவுவதற்கென்று கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுத்த திரவம் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் அதைத் தொடுங்கள்.

என்னிடம் இருப்பது லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி. பெயர் புள்ளி, நான்கு வயது. அவனை வாங்கிய கடைக்குத்தான் இத்தனை நாளும் அவனுக்குத் தீனியாகப் பூச்சி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். தொட்டியில் லேசாக வாடை வருகிறது, எதைப் போட்டுக் கழுவலாம் என்று கேட்டதற்கு, கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்துவந்தார். லேபிள் இல்லை, மூடியில் மார்க்கரால் ‘ரெப்டைல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. “எல்லாம் மூலிகைதான் சார். ஒரு மூடி எடுத்து ஒரு மக் தண்ணியில கலந்து துடைங்க. அலச வேண்டாம், பல்லியை வெளியே எடுக்கக்கூட வேண்டாம்” என்றார். நான்கு வருடப் பழக்கம், நம்பிவிட்டேன்.

வீட்டில் கலந்தபோது தண்ணீர் பால் போல வெளுத்தது, மருத்துவமனை வராந்தா மாதிரி ஒரு வாசனை அடித்தது. மூலிகை என்று சொன்னாரே என்று கண்ணாடி, கல், அவன் ஒளிந்துகொள்ளும் மரப்பொந்து எல்லாவற்றையும் துடைத்தேன். கெக்கோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தொட்டியில் எது புதிதாக இருந்தாலும் அவை நாக்கால் தொட்டுத்தான் பார்க்கும். புள்ளியும் துடைத்த ஈரம் காய்வதற்குள் கல்லை நக்கினான், அப்புறம் வழக்கம்போல அதே நாக்கால் கண்ணையும் நக்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் வாயைப் பாதி திறந்தபடி மூலையில் கிடந்தான். உதட்டோரம் எச்சில் நூலாகத் தொங்கியது, ஒரு கண் திறக்கவே இல்லை. கையில் எடுத்தால் எப்போதும் திமிறுபவன் துணி மாதிரி கிடந்தான்.

கால்நடை மருத்துவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்ததுமே முகத்தைச் சுளித்தார். தண்ணீரில் வெளுத்ததா என்று கேட்டார், ஆமாம் என்றேன். வாசனையையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் பினாயில் வகைதான், இந்த உயிர்களின் பக்கத்திலேயே கொண்டுபோகக்கூடாது என்றார். இந்த மாதிரி க்ளீனர்களில் கலக்கும் ஃபீனால், பைன் எண்ணெய் எல்லாம் ஊர்வனவற்றுக்கு விஷம். நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுவிட உதவும் தசை) பெரும்பாலான ஊர்வனவற்றுக்குக் கிடையாது, அதனால் நெஞ்சுக்குள் போனதை இருமி வெளியே தள்ளவும் அவற்றால் சரியாக முடியாது. மூடிய தொட்டிக்குள் அந்த ஆவியோடு ஓர் இரவு முழுக்க விட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. 62 கிராம் இருந்தவன் இரண்டு வாரத்தில் 49 கிராமுக்கு இறங்கினான். இப்போதுதான் 54, தானாகச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில் “அது ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கும் சார்” என்றார். என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால், அதைச் சொல்ல முடியாதாம். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேலை பார்க்கும் பையன் தரை துடைக்கும் கேனிலிருந்து அதே வெள்ளை பாட்டில்களில் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தான். அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் பேச்சே நின்றுபோனது. பணம் திரும்ப வரவில்லை, அது போகட்டும், ஒரு வருத்தச் சொல்கூட வரவில்லை. கெக்கோ தோல் உரிக்கும்போது அதன் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் தோலைக் காயக்காயப் பிய்த்து எடுத்துக் காசு வாங்குவதும் இதே கடைதான். அப்படிப் பிய்த்தால் விரலில் காயம்தான் மிஞ்சும். வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு ஈரப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் தானே கழன்றுவிடும், சோப்பு எதுவும் வேண்டாம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எச்சத்தை அன்றன்றே எடுத்துவிடுகிறேன். முழுசாகக் கழுவும் நாளில் புள்ளியை வேறு பெட்டியில், வேறு அறையில் விடுகிறேன். முதலில் பாத்திரம் கழுவும் சோப்புநீரால் அழுக்கு போகத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அழுக்கின்மேல் கிருமிநாசினி ஊற்றினால் அது வேலை செய்யாது. அதற்குப் பிறகு வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வாடை துளிகூட இல்லாமல் போகும்வரை காற்றில் காயவிடுகிறேன். ப்ளீச்சோடு வினிகர், கழிப்பறை ஆசிட், அம்மோனியா கலந்த எதையும் சேர்த்துவிடாதீர்கள், வரும் புகை ஆளையே சாய்த்துவிடும். சமையலறை சிங்க்கில் இதையெல்லாம் கழுவவும் கூடாது. நோய் ஏதும் தெரியாத ஊர்வனகூட மனிதருக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம், அது எச்சத்தோடு வெளியே வரும். அதனால் தனி வாளி, தனி பிரஷ், முடிந்ததும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களை இந்த வேலைப் பக்கமே விடாதீர்கள்.

அதேபோல, தண்ணீரில் வெளுக்கவில்லையே, அப்படியென்றால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டிலில் அச்சிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே இப்படி ஒன்றைப் போட்டுத் துடைத்துவிட்டீர்களா? உடனே உங்கள் பிராணியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துச் சுத்தமான, கதகதப்பான பெட்டியில் காகிதம் விரித்து விடுங்கள். மரம், மண், தேங்காய் நார் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும் எதையும் கழுவிப் பயனில்லை, தூக்கி எறியுங்கள். நான் அந்த மரப்பொந்தை எறிந்துவிட்டேன். எச்சில் ஒழுகினாலோ, கண் மூடியே இருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள், கையோடு அந்த பாட்டிலையும் எடுத்துப்போங்கள்.