டார்ட்முண்ட் மாடல் ரயில் கண்காட்சி: ஒரு மீட்டர் கேஜ் பைத்தியம் போய்வந்த கதை

புது இன்ஜின் ஒன்று வாங்கவேண்டும், அவ்வளவுதான் என் தேவை என்பவர்கள் இந்த மாடல் ரயில் கண்காட்சிக்காக ஜெர்மனியின் டார்ட்முண்ட் வரை மெனக்கெட வேண்டாம். அதே இன்ஜின் இணையக் கடைகளில் பெரும்பாலும் அதே விலைக்குக் கிடைக்கும், டிக்கெட் காசு மிச்சம். ஆனால் வீட்டு நிலவறையில் தனியாக உட்கார்ந்து தண்டவாளம் போட்டுக்கொண்டு, வளைவில் வண்டி ஏன் தடம் புரள்கிறது என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் இருப்பவர்கள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போகலாம். நான் அந்த ரகம்.

கண்காட்சிக்கு இன்டர்மாடல்பாவ் என்று பெயர். ஏப்ரலில் நான்கு நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை, வெஸ்ட்ஃபாலன் ஹாலன் என்ற கண்காட்சி வளாகத்தில். டார்ட்முண்ட் மெயின் ஸ்டேஷனில் இறங்கி யூ45 நகர ரயிலைப் பிடித்தால் வாசலில் கொண்டுபோய் விடும். பக்கத்திலேயே கால்பந்து மைதானம் இருப்பதால், ஆட்டம் உள்ள சனிக்கிழமையில் போனால் மஞ்சள் கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு நடுவே பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கவேண்டி வரும். நான் வியாழக்கிழமை போனேன். ஆபீஸில் "சொந்த வேலை" என்று சொன்னேன், பொய் இல்லை.

நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குளிர்காலத்தில் நடப்பது, வியாபாரிகளுக்கானது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனிகள் அந்த வருடப் புது மாடல்களை அறிவிக்கும். அறிவித்தவற்றின் கையால் செய்த முன்மாதிரிகளை ஏப்ரலில் நம்மைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். சிலவற்றுக்குப் பெயின்ட்கூட அடித்திருக்காது, சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் ஸ்டாலில் இருப்பவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். தீபாவளிக்கு என்று நாமாக நினைத்துக்கொள்ளவேண்டியதுதான், எந்தத் தீபாவளி என்பது வேறு விஷயம்.

பெரிய ஸ்டால்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெளிச்சம், கூட்டம், குழந்தைகள். மெர்க்லின் பக்கம் எப்போதும் தள்ளுமுள்ளுதான். 1859-இல் தொடங்கிய கம்பெனி என்பதால் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் நிற்பதை இங்கே பார்க்கலாம். அவர்களுடைய முறையில் தண்டவாளத்தின் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகளில் மின்சாரம் ஓடும், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஒரு நீளத் தகடு அதைத் தடவிக்கொண்டே போகும். இரண்டு தண்டவாளமும் ஒரே துருவம். எங்கள் இரட்டைத் தண்டவாள முறையில் இடது ஒரு துருவம், வலது ஒரு துருவம். வெளியாளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பொழுதுபோக்குக்காரர்களிடையே இது வடகலை தென்கலை மாதிரி. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்பது கொஞ்சம் கழித்துப் புரியும்.

என் தேவை வேறு. நீலகிரி மலை ரயிலில் ஒரு துண்டு, கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் வழியில் ஏதாவது ஒரு வளைவு, ஒரு பாலம், கொஞ்சம் தேயிலை. நம் ஊர் வண்டிகளை மாடலாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் மோதிக்கொள்வது கணக்கில்தான். எச்0 என்றால் 87-இல் ஒரு பங்கு, அதற்கான தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பிய 1435 மி.மீ. பாதைக்குச் சரி. நம்முடைய அகலப்பாதை 1676, அதை 87-ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. வருகிறது, அந்த அளவுக்குக் கடையில் தண்டவாளம் கிடையாது. ஆக, கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால் நம் வண்டி பெரிய உடம்பும் ஒட்டின காலுமாக நிற்கும். ஆனால் மீட்டர் கேஜ் தப்பித்துவிடுகிறது. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.49, கடையில் கிடைக்கும் எச்0எம் தண்டவாளம் 12. அரை மில்லிமீட்டர் பாவத்தை ஊட்டி அம்மன் மன்னிப்பாள்.

இந்திய வண்டி ஒன்றாவது எங்காவது இருக்கிறதா என்று எல்லா ஹாலும் சுற்றினேன். ஒரு பெட்டிகூட இல்லை, அது தெரிந்துதான் போனேன். ஆனால் பழைய சாமான் மேசைகள் இருக்கும் வரிசையில், ஒரு கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில், சுவிட்சர்லாந்து ஃபுர்கா மலைப்பாதையின் எச்ஜி 3/4 ரக நீராவி இன்ஜின் ஒன்று, எச்0எம் அளவில், தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. முழங்கால் போட்டுப் பார்த்தேன். நம் மேட்டுப்பாளையம் எக்ஸ் கிளாஸ் இன்ஜினைக் கட்டியதும் இதைக் கட்டிய அதே சுவிஸ் விண்டர்தூர் பட்டறைதான், 1914 முதல். அதே மீட்டர் கேஜ், தண்டவாள நடுவே இருக்கும் பல் பட்டையைக் கவ்வி மலையேறும் அதே ஆப்ட் பல்சக்கர முறை. பல்சக்கரத்துக்குத் தனி சிலிண்டர், சாதாரணச் சக்கரத்துக்குத் தனி சிலிண்டர், பக்கவாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அந்த அமைப்பும் அப்படியே. இணைந்த சக்கர அச்சு இதில் மூன்று, நம்முடையதில் நான்கு. போட்டோ எடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். "டேய், நம்ம ஊட்டி வண்டி அங்க எப்படிடா வந்துச்சு?" என்று பதில் வந்தது.

விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். திருப்பி வைத்தேன். மதியம் இன்னொரு முறை போய்ப் பார்த்தேன், விலை குறையவில்லை. அப்புறம் அதே மேசையில் பிளாஸ்டிக் பையில் கிடந்த பல் தண்டவாளத் துண்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டேன். நிஜத்தில் நீலகிரியில் பல் பட்டை இரண்டு, ஒன்றின் பல்லுக்கு நேராக இன்னொன்றின் பள்ளம் வரும். என் பையில் இருந்தது ஒற்றைப் பட்டை. இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது ஒரு சின்ன வலி.

இப்போது மேலே சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு மேசையில், பெயர் வேண்டாம், இரண்டு பழைய கூட்ஸ் வேகன் எடுத்தேன், நிலவறையில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண எச்0 பாதைக்காக. "எல்லாத் தண்டவாளத்திலும் ஓடுமா?" என்று கேட்டேன். ஓடும் ஓடும் என்றார். வீட்டுக்கு வந்து முதல் வேகனை வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை வைத்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு, எல்லா வண்டியும் அப்படியே நின்றது. மெர்க்லின் முறைக்காரர்களின் சக்கரம், இடது வலதுக்கு நடுவே இன்சுலேஷன் இல்லை, ஷார்ட் சர்க்யூட். அவர் மேல் பாதிக் குற்றம், பத்து வருடமாக இந்த வேலை செய்துகொண்டு அடிவயிற்றைத் திருப்பிப் பார்க்காத என் மேல் மீதி. சக்கரம் மாற்றினால் சரியாகிவிடும், பெரிய செலவில்லை. ஆனால் பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்ன மல்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்திலும் முனையை வைத்தால் கத்துகிறதா இல்லையா என்று இரண்டு வினாடியில் தெரிந்துவிடும், யாரையும் எதுவும் கேட்கவேண்டாம். கையில் ரொக்கமும் இருக்கட்டும், மேசைக்காரர்களில் பலர் கார்டு வாங்குவதில்லை.

இந்தப் பயணத்தில் காசுக்கு மேல் கிடைத்தது என்றால் லேஅவுட்கள்தான், அதாவது வண்டி ஓடும் முழு மாதிரிப் பாதைகள். ஒரு குழு மாட்யூல் முறையில் ஹாலின் ஒரு பக்கம் முழுக்கப் பாதை போட்டிருந்தது. ஆளுக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று வீட்டில் கட்டி, முனைகளை மட்டும் ஒரே அளவில் வைத்து, வேனில் கொண்டுவந்து போல்ட் போட்டு இணைத்துவிடுகிறார்கள். அங்கே வண்டி சும்மா சுற்றிச் சுற்றி ஓடுவதில்லை. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை, அதில் எந்த ஆலையிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு என்ன சரக்கு என்று சீட்டு. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பழைய போன். ஒருவர் ரிசீவரை எடுத்து வண்டி நம்பர் சொல்லி அனுப்பலாமா என்று கேட்கிறார், மறுமுனையில் சரி என்ற பிறகுதான் சிக்னல் கிடைக்கிறது. நம் ஊர் லைன் கிளியர்தான், அச்சு அசல். மேலே ஒரு கடிகாரம் நான்கு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, நம்முடைய கால் மணி அங்கே ஒரு மணி.

ஒரு ஸ்டேஷனில் பொறுப்பாக இருந்த பெரியவரிடம் வளைவில் வண்டி தடம் புரளும் என் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தி, "ஒரு நிமிடம், எனக்குப் பால் வண்டி வருகிறது" என்றார். வந்தது. இரண்டு வேகனைக் கழற்றிச் சைடிங்கில் விட்டு, அட்டையை மாற்றி, போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இப்போது சொல்லுங்கள், வளைவின் ஆரம் எவ்வளவு?" என்று கேட்டார். நல்ல வேளை, அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் ஒரேயடியாகத் திருப்பியிருக்கிறாய், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு என்று பென்சிலால் வரைந்தே காட்டினார். இரண்டு வருடப் பிரச்சினை, ஐந்து நிமிடம். இந்தத் தாளுக்கு மட்டுமே டிக்கெட் காசு தகும்.

மதியம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து புளிசாதம். மற்ற ஹால்களில் கப்பல், விமானம், ரிமோட் லாரி எல்லாம் உண்டு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது. நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

கடைசியாகப் புல் செய்துகாட்டும் மேசை. பசை தடவின இடத்தில் ஒரு ஆணியைக் குத்தி அதில் ஒரு ஒயர் மாட்டுகிறார்கள், சல்லடை போன்ற கருவியில் அடுத்த துருவம், ஆட்டிவிட்டால் 4 மி.மீ. நாரெல்லாம் மயிர்க்கூச்செறிந்த மாதிரி செங்குத்தாக நட்டுக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அங்கே இருந்த அம்மாவிடம் தேயிலைத் தோட்டம் எப்படிச் செய்வது என்று கேட்டேன். போனில் குன்னூர் படத்தைக் காட்டினேன். நிறைய நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். மேல்பக்கம் தட்டையாக வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறதே என்றார். பறித்துப் பறித்து அப்படி ஆகிறது என்றேன். தன்னிடம் இருந்த விலை உயர்ந்த பாக்கெட்டுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் ஒன்றை எடுத்தார். கத்தரியால் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஓரத்தைப் பிய்த்து, தலையை மட்டும் தட்டையாக வெட்டி, வெளிர்பச்சைத் தூள் கொஞ்சம் தூவினார். 1 செ.மீ. உயரம், நிஜத்தில் இடுப்பளவு. குன்னூரேதான். "இதை என்னிடம் வாங்காதீர்கள், சூப்பர்மார்க்கெட்டில் மலிவு" என்றார். மரியாதைக்கு ஒரு டப்பா பசை வாங்கிக்கொண்டேன்.

நேற்று கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் தோட்டம் என்றால் 87-இல் ஒரு பங்கில் 73 செ.மீ.க்கு 73 செ.மீ. வருகிறது, அதற்கு 15-க்கு 10 நார் முப்பத்தைந்துக்கு மேல் வேண்டும். இப்போதைக்குக் கால் ஏக்கர்தான், ஒன்பது நார். எட்டு வெட்டியாயிற்று. ஒன்பதாவது சிங்க்கில் இருந்தது, அதில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.