ஐம்பதுக்கு மேல் கிடார்: நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா?

கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 53. மலைக்கு மேலே குமுளியில் இருக்கும் என் நாத்தனாருக்கு 49. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் கிடார் பழக ஆரம்பித்தோம். முதல் நாள் வாங்கிய ஸ்டீல் கம்பிக் கிடாரைத்தான் அவள் இன்றும் வாசிக்கிறாள். நானும் ஸ்டீலில்தான் தொடங்கினேன். மூன்றே வாரத்தில் அதை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டேன். நாலு மாதம் கழித்து நைலான் கம்பிக் கிடார் ஒன்று இரவலாகக் கிடைத்தது. அதற்கப்புறம் கிடாரைத் தொடாத நாள் அபூர்வம்.

எங்கள் பக்கத்துக்கு கிடார் அந்நியமான வாத்தியமில்லை. இதே பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் சென்னையில் கிடார் கலைஞராக வேலை பார்த்தவர். முறையாகக் கற்று, லண்டன் ட்ரினிடி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அந்தக் கிளாசிக்கல் கிடார்தான் நைலான் கம்பி போட்டது. ஆனாலும் நான் கடைக்குப் போய் "கிடார் வேணும்" என்றபோது கையில் கொடுத்தது ஸ்டீல் கம்பி. என் வயதையும் கேட்கவில்லை, என்ன வாசிக்க ஆசை என்றும் கேட்கவில்லை.

சரி, வலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அங்கேதான்.

ஸ்டீல் கம்பி செட்டுகளுக்கு, அதில் உள்ள மிக மெல்லிய கம்பியின் கனத்தை வைத்துப் பெயர் சொல்வார்கள். "பன்னிரண்டு" என்றால் அந்தக் கம்பி 0.012 அங்குலம். இந்தச் செட்டைச் சரியான சுருதியில் ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். நைலானில் அது 40 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கிட்டத்தட்ட பாதி. போதாததற்கு, ஸ்டீல் கம்பி மெல்லியதாக இருப்பதால் விரல் நுனியில் கத்தி மாதிரி இறங்குகிறது. நைலான் தடிமன், சதையில் பதிந்து நிற்கிறது. எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் மடங்கியபடியே பூட்டிக்கொள்ளும் ட்ரிகர் ஃபிங்கர் வர வாய்ப்பு கூடுதல். என்னைப் போன்றவர்கள் இந்தப் பாதி சுமையைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஸ்டீலுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். குமுளியில் நாத்தனாருக்குச் சொல்லித்தரும் மாஷிடம் (மலையாளத்தில் வாத்தியார்) என் பழைய கிடாரை ஒருநாள் தூக்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு சின்ன ஸ்கேலை வைத்துப் பார்த்தார். தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். என்னுடையதில் நாலுக்கு மேல். "சேச்சி, விரலுக்கு ஒரு குழப்பமும் இல்ல. கம்பியல்லவா பொங்கி நிக்குது!" என்றார். விரலில் கோளாறு இல்லை, கம்பிதான் உயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். இந்த உயரத்தைத்தான் ஆக்ஷன் என்கிறார்கள். ஸ்டீல் கிடாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, டிரஸ் ராட் என்று பெயர். கழுத்தின் வளைவை அதைத் திருகிச் சரிசெய்யலாம். கீழே கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டையும் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். நாத்தனார் முதல் வாரமே இந்த இரண்டையும் செய்து, "பத்து" செட்டும் போட்டுக்கொண்டாள். அதன் இழுவிசை 60 கிலோவுக்குக் கீழே. அவள் நிலைத்ததும் நான் ஓடியதும் இதனால்தான். மூன்று வாரமும் என் வயதையே நொந்துகொண்டிருந்தேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. செட்டப் செய்யாத ஸ்டீல் கிடாரையும் நைலானையும் ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்தது அகலம். பலரிடம் இருக்கிற இரண்டு மாடல்களைச் சொல்கிறேன். யமஹா சி40 நைலான். கழுத்தின் தலைப்பக்க அகலம் 52 மில்லிமீட்டர், கம்பி நீளம் 650. யமஹா எஃப்310 ஸ்டீல். அகலம் 43, நீளம் 634. என் விரல் நுனிகள் தடித்தவை. 43-இல் சி கார்ட் (சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி எழுப்பும் சுரக்கூட்டு) பிடித்தால் பக்கத்துக் கம்பியைத் தொட்டு அதன் வாயை அடைத்துவிடும். 52-இல் அதே கார்ட் முதல் நாளே சுத்தமாக ஒலித்தது. நாத்தனாருக்கு நேர் எதிர். அவள் கை சின்னது. என் கிடாரில் அவளால் எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைக்கவே முடியவில்லை, மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது. சின்னக் கை உள்ளவர்கள் நைலான்தான் வேண்டும் என்று நினைத்தால் யமஹாவிலேயே சிஎஸ்40 என்று முக்கால் அளவு உண்டு, கம்பி நீளம் 580. அது குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்க வேண்டியதில்லை.

கண்ணைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்டீல் கிடாரின் கழுத்தில் 3, 5, 7, 9, 12 ஃப்ரெட்டுகளில் வெள்ளைப் புள்ளி இருக்கும். கிளாசிக்கல் கிடாரில் வழக்கமாக இருக்காது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்ந்து பார்க்கும்போது ஃப்ரெட் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நான் கழுத்தின் மேல் விளிம்பில் வெள்ளை பெயின்ட்டால் சின்னச் சின்னப் பொட்டு வைத்திருக்கிறேன். கம்பி மாற்றுவதும் நைலானில் சிரமம். ஸ்டீலில் ஆணியைப் பிடுங்கிக் கம்பியைச் செருகி மறுபடி ஆணி அடைத்தால் முடிந்தது. நைலானில் ஒவ்வொன்றையும் முடிச்சுப் போட வேண்டும். புதுக் கம்பி ஒரு வாரத்துக்கு இளகிக்கொண்டே இருக்கும், உட்காரும்போதெல்லாம் சுருதி சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, சத்தம் போதவில்லை என்று நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பியை ஏற்றிவிடாதீர்கள். அந்த உடம்பு அத்தனை இழுவைக்குக் கட்டப்பட்டதில்லை. கம்பிகளைக் கீழே கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

இவ்வளவுக்கும் மேலே, என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். நாத்தனார் வீட்டில் வெள்ளிக்கிழமை பஜனை நடக்கும். ஜால்ராவுக்கும் கைத்தட்டலுக்கும் நடுவே பாட்டுக்குத் துணையாக, எல்லாக் கம்பியையும் சேர்த்து வருடும் ஸ்ட்ரம்மிங் கேட்க வேண்டும். அங்கே நைலான் எடுபடாது. ஒருநாள் என் கிடாரைக் கொண்டுபோய் வாசித்துப் பார்த்தோம், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஸ்டீலில் நாலு கார்டும் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் ஒரு கேப்போ கிளிப்பும் இருந்தால் எந்தக் குரலுக்கும் சுருதியை ஏற்றி இறக்கி ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம். எனக்கு ஆசை வேறு. கடை சாத்திவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு அப்புறம், தெரிந்த மெட்டு ஒன்றை ஒவ்வொரு சுரமாக மீட்டிக் கேட்க வேண்டும். அதற்கு நைலானின் குரல் அத்தனை இதமாக இருக்கிறது. வலது கை நகம் வளர்க்க வேண்டுமே, பாத்திரம் தேய்க்கிற கையில் நகம் நிற்குமா என்று தயங்கினேன். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய கிடார் மேதை பெர்னாண்டோ சோர் நகம் இல்லாமல் விரல் சதையாலேயே வாசித்தவர் என்று மாஷ் சொன்னார். நானும் அப்படித்தான் மீட்டுகிறேன்.

கர்னாடக ராகம் வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டுமே முழுத் திருப்தி தராது. சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கர்னாடக இசைக்கு எடுத்துக்கொண்டது எலக்ட்ரிக் கிடார். ஒரு சுரம் நீண்டு நின்றால்தானே அதில் கமகம் இழைக்க முடியும். எலக்ட்ரிக்கின் "ஒன்பது" செட் இழுவிசையும் ஏறக்குறைய நைலான் அளவுதான், விரலுக்குச் சுகம். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வீட்டில் யார் தூக்கமும் கெடாது. ஆனால் ஆம்ப் (ஒலிபெருக்கி), ஒயர் என்று செலவு கூடும். உகுலேலே நாலே கம்பி, நைலான், மடியில் பூனைக்குட்டி மாதிரி உட்காரும். மூட்டுவலி அதிகம் உள்ளவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம். கிடாரின் தடித்த கம்பி தரும் அடிக்குரல் மட்டும் அதில் கிடையாது.

ஊரையும் பார்த்து வாங்க வேண்டும். ஆனி, ஆடியில் குமுளியில் மழை விடாது. நாத்தனாரின் ஸ்டீல் கம்பிகள் இரண்டு மாதத்தில் துருவேறிச் சொரசொரவென்று ஆகிவிடும். துடைத்து வைத்தால்கூட மூன்றாவது மாதம் மாற்றத்தான் வேண்டும். அதே நாட்களில் கீழே கம்பத்தில் காற்றுதான் ஊதித் தள்ளும். ஒரே கிடாரை மேலும் கீழும் கொண்டு போனால் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், காற்றில் காய்ந்து சுருங்கும். முழுப் பலகை முகப்பு வைத்த கிடாரின் நாதம் உசத்திதான், ஆனால் இந்த மாற்றத்தை முதலில் உணர்வதும் அதுதான். எங்கள் மலையோரத்துக்கு, அதுவும் பழகுகிற காலத்துக்கு, பிளைவுட் முகப்பே போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேரில் மாஷிடமா, போனில் பாடமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003-இலிருந்து இணையத்தில் பாடங்களை இலவசமாகவே தருகிறார். வரிசை கச்சிதம். ஒரு நிமிடத்தில் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை மாறுகிறோம் என்று எண்ணும் பயிற்சியை நான் அவரிடமிருந்துதான் எடுத்தேன். முதலில் ஜி-யிலிருந்து சி-க்கு எட்டு முறை, இப்போது முப்பதைத் தாண்டுகிறது. ஆனால் என் இடது மணிக்கட்டு தேவைக்கு மேல் வளைவது போனுக்குத் தெரியாது. மாஷ் பார்த்த உடனே கண்டுபிடித்தார். இடது காலுக்குக் கீழே ஒரு மனைப்பலகையைப் போட்டுக் கிடாரின் கழுத்தை நிமிர்த்தினார், வலி அன்றே பாதியானது. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஓர் ஆளிடம் நேரில் போங்கள். லோயர் கேம்ப் வழியாக மலை ஏறி இறங்கும் பஸ் பயணத்தை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை. அப்புறம் போன் போதும். தினம் கால் மணி நேரமாக இரண்டு தடவை. ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கீழே வந்திருந்தாள். ஒரு மாதத்துக்குக் கிடாரை மாற்றிக்கொள்வோமா என்று நான்தான் கேட்டேன். "மதினி, உங்க விரல் தாங்குமா?" என்றாள். பத்து செட், இரண்டரை மில்லிமீட்டர். பத்து நாளாகிறது, இன்னும் பீரோ மேல் ஏறவில்லை. ஆனாலும் மாதம் முடிந்ததும் என் நைலானைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.