நம் காலத்துக்குப் பிறகும் பேச: பதிவா, சாட்பாட்டா?

ஒருவர் போன பிறகும் அவரோடு பேச இன்றைக்குக் கைவசம் இருப்பவை இரண்டு வழிகள். உயிரோடு இருக்கும்போதே உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் படம்பிடித்து வைக்கலாம். அல்லது அவர் விட்டுப்போன மெசேஜ்களை வைத்துக் கணினியை அவர் பாணியில் பேசப் பழக்கலாம்; அதுதான் சாட்பாட். மூளையையே பதப்படுத்திக் கணினியில் ஏற்றலாம் என்பவர்களும் உண்டு. 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு புழுவின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. அந்தப் புழுவே இன்னும் கணினியில் முழுசாக உயிர்பெறவில்லை. நம் மூளையில் சுமார் 8,600 கோடி. சரி, அதை விட்டுவிடுவோம்.

சாட்பாட்டுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ரோமன் மசுரென்கோ. 2015 நவம்பரில் மாஸ்கோவில் கார் மோதி இறந்தார். அவருடைய தோழி யூஜீனியா குய்டா, நண்பர்களிடமிருந்து ரோமனின் மெசேஜ்களைச் சேகரித்து 2016-ல் ஒரு சாட்பாட் உருவாக்கினார். மகனைப் பற்றித் தெரியாததெல்லாம் அதில் தெரிந்துகொண்டதாக அம்மா நெகிழ்ந்தார். நண்பர்கள் சிலருக்கோ அது பிடிக்கவே இல்லை. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் ரோமனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை.

பதிவு வழியில் சம்மதம் இல்லாமல் எதுவுமே நடக்காது. அமெரிக்காவின் ஷோவா அறக்கட்டளை, நாஜி முகாம்களிலிருந்து தப்பியவர்களிடம் நாள்கணக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டுப் படம்பிடித்தது. பார்வையாளர் கேட்கும் கேள்விக்குப் பொருந்தும் பதிலை, பதிவு செய்ததிலிருந்து மட்டுமே கணினி எடுத்துக் காட்டும். புதிதாக ஒரு சொல் சேர்க்காது.

முதலில் அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் பிங்காஸ் கட்டர். போலந்தின் லோட்ஸ் நகரில் 1932-ல் பிறந்தவர். மைதானெக் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அப்பா, அம்மா, இரட்டைச் சகோதரி சபீனா மூவரையும் இழந்தார். சபீனாவின் முகம் நினைவில் இல்லை, அவளுடைய பொன்னிறப் பின்னல் மட்டும்தான் இருக்கிறது என்று தன் சாட்சியங்களில் சொல்லியிருக்கிறார். அந்தப் பின்னலைத் தாண்டி அங்கே ஒன்றுமில்லை. பதிவு அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவைக்கும். சாட்பாட்டிடம் சபீனாவின் முகத்தைக் கேட்டால், கண் நிறம் வரை சொல்லிவிடக்கூடும்.

மனித நினைவும் இட்டுக்கட்டுவதுதானே என்று சாட்பாட் தரப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நினைவுகூரும்போது நினைவு இளகி மறுபடி இறுகக்கூடும் என்பதை எலிகளிடம் 2000-ல் நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாடரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். ஆனால் எலும்பும் சதையுமான மனிதருக்கு, தேடிப்பார்த்துக் கிடைக்காமல் தவிக்கத் தெரியும். மெசேஜ்களில் அந்தத் தவிப்பு பதிவாவதே இல்லை. அதனால் என் ஓட்டு பதிவுக்குத்தான்.

போன பொங்கலுக்கு அம்மாவைப் போனில் பதிவு செய்தேன். தாத்தாவின் வண்டிமாடுகளுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "ஒண்ணு மயிலை. இன்னொண்ணு... இரு, சொல்றேன்." அதற்குப் பிறகு நாற்பது நொடி ஃபேன் சத்தம் மட்டும். அதை நான் வெட்டவில்லை.