137 ஜிபிக்கு அப்பால் பயாஸுக்குக் கண் தெரியாது

நண்பர் ஒருவர் கேட்டார்: பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒன்று மலிவாக வருகிறதாம், 320 ஜிபி ஐடிஇ டிஸ்க் (பழைய ரக ஹார்ட் டிஸ்க்) மாட்டி டெபியன் லினக்ஸ் போடலாமா என்று. என் கடையில் அதே ஜோடிதான் மூன்று வருடமாக பில் அடிக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு பேரலல் போர்ட் வேண்டுமே, அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறேன்.

டிஸ்க் மாட்டிய அன்று பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் சொந்த புரோகிராம், 137 ஜிபி என்று காட்டியது. டெபியனுக்குள் போனால் முழு 320. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பயாஸைக் கேட்பதில்லை, டிஸ்க்கோடு நேராகப் பேசிவிடும். சரி, தொல்லை விட்டது என்று டிஸ்க்கைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிஷனாகப் போட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஏழு மாதம் சத்தமே இல்லை. ஒரு கர்னல் அப்டேட் முடிந்த மறுநாள் காலை, கறுப்புத் திரையில் ஒரே வரி: ‘அட்டெம்ப்ட் டு ரீட் ஆர் ரைட் அவுட்சைட் ஆஃப் டிஸ்க்’, டிஸ்க்குக்கு வெளியே படிக்கவோ எழுதவோ முயற்சி என்று. டிஸ்க் போச்சு என்றே நினைத்தேன். கேபிளை மாற்றினேன், ஜம்பரைப் பிடுங்கிச் செருகினேன். வாசலில் ஆள் நிற்கிறார், பில்லைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.

டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. கர்னலை டிஸ்க்கிலிருந்து எடுத்து ஓடவிடுவது கிரப் என்ற பூட் புரோகிராம். கர்னல் மெமரிக்கு வரும்வரை அது பயாஸ் வழியாகத்தான் படிக்கிறது. இந்த பயாஸ் செக்டார் (டிஸ்க்கின் சின்னத் துண்டு) எண்ணை 28 பிட்டில் எழுதுகிற ரகம். 26 கோடியே 84 லட்சம் செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட், அதோடு கணக்கு முடிந்தது. புதிய கர்னல் கோப்பு அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டது. பழைய கர்னல் இந்தப் பக்கம்தான் இருந்தது. கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அன்று காலையே கடை ஓடியிருக்கும்! இது தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

கர்னல் கோப்புகள் எப்போதும் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும் என்று, டிஸ்க்கின் தொடக்கத்தில் அவற்றுக்கென 1 ஜிபி பூட் பார்ட்டிஷன் ஒதுக்கினேன். அதற்காக ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் புரோகிராம் மொத்த டேட்டாவையும் நகர்த்த ஒரு ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஒரு தகராறும் இல்லை. மதர்போர்டைத் திட்டவும் மனசு வரவில்லை. செக்டார் எண்ணை 48 பிட்டில் எழுதும் முறை தரமாக வந்ததே 2002இல், இது அதற்கு முந்தையது.

நண்பரிடம் வேண்டாம் என்றேன். இந்தப் பழைய பென்டியம் 4 32 பிட் ரகம், டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை, அப்புறம் எதற்கு இந்தப் பாடு? அவர் எடுக்கவில்லை என்றால் அந்த போர்டு எனக்கு ஸ்பேருக்கு வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.